பாடநூலின் ‘நாம்’ யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பள்ளிப் பாடநூல்கள் நாட்டையும் உலகையும் பிள்ளைகளுக்கு எப்படி அறிமுகப்படுத்துகின்றன என்பது பற்றிச் சில கருத்துகளைத் தங்கள் நாளிதழ் வழியாகப் பெற்றோர், ஆசிரியர், பாடநூல் எழுதுவோர் ஆகியோரின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். நான் சமூக அறிவியல் பாடத்தை நெடுங்காலம் நடத்தி ஓய்வு பெற்றவன். ஒரே புத்தகத்தை ஆண்டுதோறும் புதிய பிள்ளைகளுக்கு நடத்தும்போது, எழுதியவரே கவனிக்காமல் விட்ட சொற்கள் நடத்துகிறவரின் கண்ணில் உறுத்தத் தொடங்கும். எனக்கு அப்படி உறுத்திய சொல் ‘நாம்’.

தமிழில் தன்மைப் பன்மைக்கு இரண்டு சொற்கள் உண்டு. கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் ‘நாம்’, அவரை விலக்கிச் சொன்னால் ‘நாங்கள்’. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் இந்த இரண்டுக்கும் ஒரே சொல்தான் இருக்கிறது. அந்த மொழிகளில் எழுதுகிறவர் யாரைச் சேர்த்துக்கொள்கிறார் என்பதைச் சொல்லாமலே கடந்துவிடலாம். தமிழில் எழுதுகிறவருக்கு அந்த வசதி கிடையாது. ‘நம் நாடு’, ‘நம் முன்னோர்’, ‘நாம் போராடினோம்’, ‘நாம் வென்றோம்’ என்று எழுதும் ஒவ்வொரு முறையும் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பிள்ளைகளையும் அவர் கைப்பிடித்து உள்ளே அழைக்கிறார். அழைக்கப்பட்ட எல்லோரும் உள்ளே வர முடிகிறதா என்பதுதான் என் கேள்வி.

எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். அவள் குடும்பம் வேறு நாட்டிலிருந்து வந்து குடியேறியது. ‘நம் முன்னோர் நமக்கு விட்டுச்சென்றவை யாவை?’ என்ற பாடத்தின் பின்பக்க வினாவுக்குப் புத்தகத்தில் இருந்ததை வரி பிசகாமல் எழுதியிருந்தாள். விடைத்தாளைத் திருத்தும்போது கடைசி வரிக்குக் கீழே பென்சிலால் எதையோ எழுதி அழித்திருந்த தடம் தெரிந்தது. தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ‘சார், இதில் என் தாத்தா வருவாரா?’ என்று எழுதியிருந்தாள். விடைக்கு முழு மதிப்பெண் போட்டேன். அழித்த வரிக்கு என்ன பதில் சொல்வது என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

அதே புத்தகத்தின் கடைசிப் பாடம் உலகக் குடிமை பற்றியது, அதாவது உலக மக்கள் எல்லோரோடும் சேர்ந்து பொறுப்போடு வாழ்வது பற்றியது. அங்கேயாவது அவளுக்கு ஓர் இடம் இருக்கும் என்று எண்ணி எடுத்துப் படித்தேன். ‘புலம்பெயர்ந்து வருவோருக்கு உதவ வேண்டும்’ என்று ஒரு வரி இருந்தது. முன்னோர் பாடத்தில் அவளுக்கு இடமே இல்லை. உலகப் பாடத்தில் இடம் இருந்தது, ஆனால் உதவி பெறுகிற ‘அவர்களில்’ ஒருத்தியாக. இரண்டு பாடங்களிலும் ‘நாம்’ என்ற சொல்லுக்கு வெளியேதான் அவள் நின்றாள்.

அன்றிலிருந்து இந்த இருவகைப் பாடங்களையும் அருகருகே வைத்துப் படிக்கத் தொடங்கினேன். கருத்தில் உள்ள வேறுபாட்டை விட வினைச்சொல்லில் உள்ள வேறுபாடு பெரிதாக இருந்தது. நாட்டைப் பற்றிய பாடம் இறந்தகாலத்தில் நடக்கிறது. அதில் ஆட்கள் இருக்கிறார்கள், ஊர்களும் நாட்களும் இருக்கின்றன, தோல்வியும் தியாகமும் இருக்கின்றன. யாரோ ஒருவர் எதையோ செய்தார், அதனால் ஏதோ மாறியது. உலகக் குடிமைப் பாடத்தில் யாரும் எதையும் செய்வதில்லை. ‘சகிப்புத்தன்மையுடன் வாழ வேண்டும்’, ‘பிற பண்பாடுகளை மதிக்க வேண்டும்’, ‘புவியைக் காப்பது நம் கடமையாகும்’ என்று பக்கம் முழுவதும் ‘வேண்டும்’, ‘வேண்டும்’ என்றே போகிறது. கதை கேட்டு வளரும் பிள்ளைக்கு எது உண்மையில் நடந்தது, எது வெறும் உபதேசம் என்று பிரித்தறிவதற்கு நெடுநேரம் ஆகாது. நாட்டின் மீது பற்றும் உலகின் மீது ஒப்புக்கு ஒரு மரியாதையும் அவர்கள் மனத்தில் தங்குவதற்கு இதுவே பெரிய காரணம் என்று நான் நம்புகிறேன்.

பாடத்தின் இடமும் அதைத்தான் சொல்கிறது. கடைசிப் பாடம் என்றால் போர்ஷன் முடிக்கும் அவசரத்தில் ஒரே பிரியடில் வாசித்துவிட்டுப் போகிற பாடம் என்பது ஆசிரியர் எல்லோருக்கும் தெரியும். தேர்வுக்கான புளூபிரிண்ட்டில், அதாவது வினாப் பங்கீட்டுத் திட்டத்தில், அதற்கு ஓர் ஒரு மதிப்பெண் வினாவோ, ‘பொருத்துக’ பகுதியில் ஒரு வரியோ கிடைத்தால் பெரிது.

இதற்கான சர்வதேச உடன்பாடுகளுக்குக் குறைவில்லை. பன்னாட்டுப் புரிதல், ஒத்துழைப்பு, அமைதி, மனித உரிமைகள் ஆகியவற்றுக்கான கல்வி பற்றி ஐ.நா.வின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பான யுனெஸ்கோ 1974-இல் ஒரு பரிந்துரையை ஏற்றது. 2023 நவம்பரில் அதைத் திருத்திப் புதுப்பித்தது. ஐ.நா. உறுப்பு நாடுகள் 2015-இல் ஏற்ற நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் 4.7 என்ற எண்ணுள்ள இலக்கு, 2030-க்குள் கற்போர் அனைவரும் உலகக் குடிமைக்கான அறிவையும் திறனையும் பெறுவதை உறுதிசெய்யச் சொல்கிறது. இந்த இலக்கை அளக்கும் முறையில்தான் எனக்கு வருத்தம். கல்விக் கொள்கையிலும் பாடத்திட்டத்திலும் ஆசிரியர் பயிற்சியிலும் மாணவர் மதிப்பீட்டிலும் அது எந்த அளவு இடம்பெற்றிருக்கிறது என்று நாடுகள் தாமே அறிக்கை தருகின்றன. ‘பாடத்திட்டத்தில் உண்டு’ என்று எழுதுவதற்கு அந்தக் கடைசிப் பாடமே போதுமானதாகிவிடுகிறது.

உலகக் குடிமைக்குச் சொல்லக் கதையே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. அதே மாணவரின் பைக்குள்ளேயே, அறிவியல் புத்தகத்தில் இருக்கிறது. பெரியம்மை ஒழிந்த வரலாற்றை எடுத்துக்கொள்வோம். 20-ஆம் நூற்றாண்டில் மட்டும் சுமார் 30 கோடிப் பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்படும் நோய் அது. உலகம் இரண்டு முகாம்களாகப் பிரிந்து அணுகுண்டுகளைக் குவித்துக்கொண்டிருந்த காலத்தில், 1958-இல், அதை உலகிலிருந்தே ஒழிக்கலாம் என்ற யோசனையை உலகச் சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் கூடும் உலகச் சுகாதாரப் பேரவையில் முன்வைத்தவர் சோவியத் ஒன்றியத்தின் விக்தர் ஷ்தானவ். 1967-இல் தீவிரப்படுத்தப்பட்ட அந்தத் திட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் அமெரிக்கரான டொனால்டு ஹெண்டர்சன். உறைநிலையில் உலர்த்திய, வெப்பத்தைத் தாங்கும் தடுப்பு மருந்தைச் சோவியத் ஒன்றியம் பெருமளவில் கொடுத்தது. அதை வீடுவீடாக எடுத்துச் சென்று போட்டவர்கள் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் சுகாதாரப் பணியாளர்கள். இயற்கையாகத் தொற்றிய கடைசி நோயாளி 1977-இல் சோமாலியாவில் இருந்த மருத்துவமனைச் சமையல்காரர் அலி மாவ் மாலின். அவர் பிழைத்து, பின்னாளில் போலியோ சொட்டு மருந்துப் பணியில் ஊர் ஊராகச் சென்று மக்களிடம் பேசினார். 1980 மே மாதம் நோய் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

இந்தக் கதையில் ஆட்கள் இருக்கிறார்கள், பகை இருக்கிறது, உழைப்பு இருக்கிறது, வெற்றியும் இருக்கிறது. குடிமையியல் பாடத்தில் இதை வைத்தால் ‘நாம் வென்றோம்’ என்று வகுப்பில் உள்ள எந்தப் பிள்ளையும் தயங்காமல் சொல்லலாம். பென்சிலால் எழுதி அழித்த அந்த மாணவியும் சொல்லலாம். அறிவியல் புத்தகமோ நோய்க்கிருமியின் பெயரோடும் தடுப்பூசி கண்டுபிடித்தவரின் பெயரோடும் நின்றுவிடுகிறது. ஓசோன் படலமும் அப்படித்தான்: குளோரோபுளோரோகார்பன் என்ற நீண்ட சொல்லை மனப்பாடம் செய்த பிள்ளைகளுக்கு, ஓசோனை அரிக்கும் அத்தகைய பொருள்களைக் கைவிடுவதற்காக 1987-இல் கையெழுத்தான மான்ட்ரியல் உடன்படிக்கையை ஐ.நா.வின் எல்லா உறுப்பு நாடுகளும் ஏற்றன என்பதும், அந்த அளவுக்கு முழுமையான ஒப்புதல் பெற்ற முதல் ஐ.நா. உடன்படிக்கை அதுதான் என்பதும் தெரிவதில்லை.

இன்னும் எளிய எடுத்துக்காட்டும் உண்டு. ஒரு நாட்டில் ஒட்டிய தபால்தலையை மற்றொரு நாடு ஏன் மதிக்கிறது? 1874-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 22 நாடுகள் கூடிச் செய்த ஒப்பந்தத்தால்தான். அதற்கு முன் வெளிநாட்டுக் கடிதத்துக்கான கட்டணம் நாட்டுக்கு நாடு தனித்தனியாகப் பேசி முடித்த ஒப்பந்தங்களைப் பொறுத்திருந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு உலக ஒத்துழைப்பு என்றால் என்னவென்று விளக்க ஓர் உறையும் ஒரு தபால்தலையும் போதும்.

உலகக் குடிமை என்று பேசினால் நாட்டுப்பற்று குன்றிவிடும் என்று அஞ்சுவோர் இருக்கிறார்கள். அவர்களின் அச்சத்தை நான் எளிதாக ஒதுக்கிவிடவில்லை. ஒரு மனிதனுக்கு வாக்குரிமையும் கடவுச்சீட்டும் பள்ளியும் காவலும் தருவது அவன் நாடுதான். 1948-ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம் தன் 15-ஆவது பிரிவில் ஒவ்வொருவருக்கும் ஒரு தேசிய இனத்தகுதிக்கு, அதாவது ஒரு நாட்டின் குடியுரிமைக்கு, உரிமை உண்டு என்று கூறுவது இதை உணர்ந்துதான். எந்த நாட்டின் குடியுரிமையும் இல்லாமல் தவிக்கும் மனிதர்களிடம் போய் ‘நீங்கள் உலகக் குடிமக்கள்’ என்று சொன்னால் அது ஆறுதலாக இருக்காது. ‘நாம் அனைவரும் உலகக் குடிமக்கள்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதும் பாடநூல், அந்தக் குடிமைக்கு அட்டை இல்லை, வாக்குப் பெட்டி இல்லை, வரி இல்லை என்பதைச் சொல்லாமல் விடுவதால் பிள்ளைகளுக்கு அரை உண்மையைத்தான் தருகிறது. நாட்டைப் பற்றிய பாடங்கள் குறைய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவை நேர்மையாக இருக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

அந்த நேர்மைக்குச் சோதனை, ஒரு பாடநூல் அண்டை நாட்டைப் பற்றி எப்படி எழுதுகிறது என்பதில் இருக்கிறது. சில நேரம் ஒரே ஒரு சொல்லில் இருக்கிறது. 1982-இல், சீனாவுக்குள் ஜப்பானியப் படை நுழைந்ததைக் குறிக்கும் ‘படையெடுப்பு’ என்ற சொல் பாடநூல் தணிக்கையில் ‘முன்னேற்றம்’ என்று மென்மையாக்கப்படுவதாகச் செய்தி வெளியானபோது, சீனாவும் தென் கொரியாவும் கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்தன. அண்டை ஆசிய நாடுகள் தொடர்பான அண்மைக்கால வரலாற்றை எழுதும்போது பன்னாட்டுப் புரிதலைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்ற விதியை ஜப்பான் அரசு அதே ஆண்டில் சேர்த்தது. அதற்கு முன்பே, தான் எழுதிய வரலாற்றுப் பாடநூலில் அரசு கேட்ட திருத்தங்களை எதிர்த்து சபூரோ இயெனாகா என்ற வரலாற்றுப் பேராசிரியர் 1965-இல் வழக்குத் தொடுத்திருந்தார். மூன்று வழக்குகளாக அது நீண்டு 1997-இல்தான் முடிந்தது. தணிக்கை முறையே சட்டத்துக்கு முரணானது என்ற அவர் வாதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் சீனாவில் மனிதர்கள் மீது சோதனைகள் நடத்திய 731-ஆம் படைப்பிரிவைப் பற்றிய பகுதியை நீக்கச் சொன்னது தவறு என்று தீர்ப்பளித்தது. தன் நாட்டின் பிழையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல 32 ஆண்டுகள் வழக்காடிய அந்த மனிதரை விடப் பெரிய நாட்டுப்பற்றாளர் யார் என்று என் வகுப்பில் கேட்டிருக்கிறேன். பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடினார்கள். அந்த வகுப்பு மணி அடித்த பின்னும் முடியவில்லை.

பகைவர்கள் சேர்ந்து பாடநூல் எழுதிய வரலாறும் உண்டு. 1870-க்கும் 1940-க்கும் இடையில் மூன்று முறை போரிட்ட பிரான்சும் ஜெர்மனியும், 2003-இல் இரு நாட்டு இளைஞர்கள் பெர்லினில் கூடி வைத்த கோரிக்கையின் பேரில், மேல்நிலை வகுப்புகளுக்கு ஒரே உள்ளடக்கம் கொண்ட வரலாற்றுப் பாடநூலை இரு மொழிகளிலும் வெளியிட்டன. முதல் தொகுதி 2006-இலும் மூன்றாவது 2011-இலும் வந்தன. எழுதியவர்களுக்குள் கருத்து வேறுபாடு எழுந்தது போர்களைப் பற்றி என்பதை விட, போருக்குப் பிந்தைய காலத்தில் அமெரிக்காவின் பங்கையும் பொதுவுடைமை இயக்கத்தையும் எப்படி மதிப்பிடுவது என்பது பற்றியே அதிகம். இரு நாட்டுப் பார்வைகளும் எங்கே வேறுபடுகின்றன என்பதை அந்த நூல் மறைக்காமல் எடுத்துக்காட்டியது. ஜெர்மனியும் (அன்று மேற்கு ஜெர்மனி) போலந்தும் 1972-இலேயே பாடநூல் ஆணையம் ஒன்றை அமைத்து, பனிப்போர்க் காலத்திலும் பேசி, கடைசியில் 2016 முதல் 2020 வரை நான்கு தொகுதிகளாகப் பொதுப் பாடநூலை வெளியிட்டன. ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று. பிரெஞ்சு-ஜெர்மன் நூல் எதிர்பார்த்த அளவுக்குப் பள்ளிகளில் பரவவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நாட்டின் தேர்வுத் திட்டத்தோடு பொருந்தாத புத்தகத்தை, எவ்வளவு நல்லதாக இருந்தாலும், ஆசிரியர்கள் தயங்கித்தான் எடுப்பார்கள்.

இவை எல்லாவற்றிலும் என்னை மிகவும் பாதித்தது இஸ்ரேலிய, பாலஸ்தீன ஆசிரியர்கள் சேர்ந்து உருவாக்கிய நூல். உளவியலாளர் டான் பார்-ஆனும் கல்வியியலாளர் சமி அத்வானும் முன்னின்று நடத்திய முயற்சி அது. அதன் பக்கங்கள் மூன்று பத்திகளாகப் பிரிக்கப்பட்டவை. ஒரு பத்தியில் இஸ்ரேலியர் சொல்லும் வரலாறு, மற்றொன்றில் பாலஸ்தீனர் சொல்லும் வரலாறு. நடுவில் உள்ள பத்தி வெற்றிடம். படிக்கும் மாணவர் தன் எண்ணத்தை எழுதுவதற்காக அது விடப்பட்டிருந்தது. இரு தரப்புக் கல்வி அமைச்சகங்களும் அதைப் பொதுப் பாடநூலாக ஏற்கவில்லை. இரண்டு வரலாறுகளையும் அவர்கள் ஒன்றாக்க முயலவில்லை, யார் சொல்வது சரி என்று தீர்ப்பும் சொல்லவில்லை. எதிர்த்தரப்பின் கதையைப் பக்கத்திலேயே அச்சிடும் துணிவு மட்டும் இருந்தது.

வரைபடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாடநூல்களில் இன்னும் பரவலாகக் காணப்படும் மெர்க்கேட்டர் வரைபடம் 1569-இல் கடலோடிகளின் திசைக்கணக்குக்காக வரையப்பட்டது. அதில் கிரீன்லாந்து ஏறக்குறைய ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப் போல் 14 மடங்கு பெரியது. ஐரோப்பியப் பாடநூலில் ஐரோப்பா நடுவில் இருக்கிறது, ஜப்பானியப் பாடநூலில் பசிபிக் பெருங்கடல் நடுவில் வந்து அமெரிக்கா வலப்பக்கம் போகிறது. இந்த இரண்டு படங்களையும் ஒரே பக்கத்தில் அச்சிட்டு, ‘நடு எது?’ என்ற ஒரு வினாவை மட்டும் கீழே போட்டால், உலகக் குடிமையின் முதல் பாடம் அங்கேயே நடந்துவிடும்.

அந்த மூன்று பத்தி முறையை ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டில் என் வகுப்பில் செய்து பார்த்தேன். ஒரு போரைப் பற்றி எங்கள் பாடநூல் சொன்னதை ஒரு பத்தியிலும், எதிர்நாட்டின் நூல்களில் இருந்ததை மொழிபெயர்த்து மற்றொரு பத்தியிலும் கரும்பலகையில் எழுதி, நடுவில் இடம் விட்டேன். முதலில் சில பிள்ளைகளுக்குக் கோபம் வந்தது. ‘அவங்க பொய் சொல்றாங்க சார்’ என்றார்கள். எது பொய் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். தேதிகள் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தன. இறந்தவர்களின் எண்ணிக்கையும் போரைத் தொடங்கியது யார் என்பதும்தான் வேறுபட்டன. இதை ஒரு பையன் கண்டுபிடித்துச் சொன்ன பிறகு வகுப்பின் குரல் தணிந்தது. அவர்களில் ஒருவருக்கும் நாட்டுப்பற்று குறைந்ததாக நான் காணவில்லை. புத்தகத்தில் அச்சானதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது என்பதை மட்டும் தெரிந்துகொண்டார்கள். அதற்கு எனக்கு இரண்டு பிரியடுகள் செலவாயின. தேர்வில் அதிலிருந்து ஒரு வினாவும் வரவில்லை.

ஆகவே பாடநூல் எழுதுவோரிடம் என் வேண்டுகோள் இது. உலகக் குடிமைக்கென்று தனியாக வைத்திருக்கும் கடைசிப் பாடத்தை எடுத்துவிடுங்கள். அதில் உள்ள ‘வேண்டும்’களுக்குப் பதிலாக, பெரியம்மையையும் ஓசோனையும் தபால்தலையையும் நாட்டு வரலாறு நடக்கும் அதே பக்கங்களில், அதே இறந்தகாலத்தில், ஆட்களோடும் ஆண்டுகளோடும் எழுதுங்கள். அண்டை நாட்டோடு நடந்த போரைப் பற்றிய பாடத்தில் அந்த நாட்டுப் பாடநூலிலிருந்து ஒரு பத்தியாவது இடம்பெறட்டும். தேர்வில் அதற்கு ஒரு நெடுவினா ஒதுக்குங்கள், ஏனென்றால் தேர்வில் வராத பாடத்தைப் பிள்ளைகளும் படிப்பதில்லை, ஆசிரியர்களும் நடத்துவதில்லை.

இன்னொன்றும் செய்யலாம், அதற்குச் செலவே கிடையாது. புதிய பாடத்தை அச்சுக்கு அனுப்பும் முன், அதை ஏதேனும் ஒரு வகுப்பில் நடத்திப் பாருங்கள். வேறு நாட்டிலிருந்து வந்த பிள்ளை ஒன்றாவது அந்த வகுப்பில் இருக்கட்டும். பாடம் முடிந்ததும் அந்தப் பிள்ளையின் கையில் ஒரு பென்சிலைக் கொடுத்து, ‘நாம்’ என்றும் ‘நம்’ என்றும் வரும் இடங்களில் தன்னையும் சேர்த்துக்கொள்ள முடிந்தவற்றை மட்டும் அடிக்கோடிடச் சொல்லுங்கள். கோடு விழாத வரிகளை எழுதியவர்களே உட்கார்ந்து மறுபடி எழுதட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற சமூக அறிவியல் ஆசிரியர்